நான் டீசலாக இருந்த நாட்கள்

என் மனைவி துளசியின் கருமாதி முடிந்த வாரம் துரை என்னை ஆப்பீசுக்குக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார். ஆறுதல் முடிந்ததும் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். அவர் பாகுபாடு பார்ப்பவரில்லை.

வீடு தோட்டத்தினுடையது. தொழிலாளர் லைனில் கடைசி வீடு. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டுமே வீடு என்பது சட்டம். வேலை செய்தது துளசி, தேயிலை ஆலையில் தூள் ரகம் பிரிக்கும் பகுதியில். நான் டிகிரி முடித்துவிட்டு பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டல் முகப்பில் நின்று, சுற்றுப்பயணிகளுக்கு ஸ்ட்ராபெரித் தோட்டம் எந்தப் பக்கம் என்று கைகாட்டிக்கொண்டிருந்தவன். அவள் காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போனாள். போனது இருவர். திரும்பியது நான் மட்டும். அதன்பிறகு ஹோட்டலுக்குப் போகவில்லை. போகவேண்டும் என்று தோன்றவில்லை.

துரையின் பெயர் திருச்செல்வம். எங்களைப் போலத் தமிழர்தான். ஆனாலும் தோட்ட நிர்வாகி நாற்காலியில் உட்கார்ந்தால் துரை. வெள்ளைக்காரன் போகும்போது நாற்காலியை மட்டும் விட்டுவிட்டுப் போகவில்லை.

“மகேன், எனக்கும் மனசு இருக்கு. ஆனா வீட்டுக்கு ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க,” என்றார். “நீ தோட்டத்துல வேலைக்குச் சேந்துட்டா வீடு உனக்குத்தான். ஒருத்தனும் கேக்க முடியாது.”

“என்ன வேலை இருக்கு துரை?”

“டீசல் டாங்கி லோரி ஒண்ணு வாங்கியிருக்கோம். கீழ தாப்பாவுல இருந்து ஆலைக்கு டீசல் ஏத்தியாரணும். டிரைவர் இல்ல. உனக்குத்தான் லோரி லைசென்ஸ் இருக்கே.”

இருந்தது. கல்லூரி விடுமுறைகளில் திரிங்காப்பிலிருந்து கீழே முட்டைக்கோஸ் ஏற்றிப் போவேன். ஆனால் முட்டைக்கோஸ் அடுக்கிய இடத்தில் இருக்கும். டீசல் அப்படி இருக்காது. டாங்கி பாதி நிரம்பியிருந்தால் உள்ளே இருப்பது ஆடும், வளைவில் லோரியையே சாய்க்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். தாப்பா சாலையில் வளைவைத் தவிர வேறொன்றும் கிடையாது.

“டாங்கி ஓட்டிப் பழக்கமில்ல துரை.”

“அதுக்குத்தான் ரிங்லெட்டுல கழகம் இருக்கே. அங்க சான்றிதழ் வாங்கிட்டு வா. அது இல்லாம ஹெட் ஆப்பீஸ்ல யாரையும் சீட்டுல உக்கார விடமாட்டாங்க. சான்றிதழ் இருந்தா வேலை. வேலை இருந்தா வீடு. மாசக் கடைசி வரைக்கும் டைம்.”

வீட்டுக்கு வந்தேன். துளசியின் மழைச்சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அதை வேறு எந்த வீட்டு ஆணியில் மாட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் ரிங்லெட்டுக்குப் போனேன்.

மலைநாட்டுத் திரவ வாகனப் பாதுகாப்புக் கழகம், பட்டணத்துக்குச் சற்று மேலே சரிவான செம்மண் வளாகத்தில் இருந்தது. ஒரு மண்டபம், ஓர் ஆப்பீஸ், ஒரு டாங்கி லோரி. வாசலில் பெரிய பலகை: ‘நகராத சக்கரம் மோதாது.’ பழமொழி என்று நினைத்தேன். பாடத்திட்டம் என்று பிறகு தெரிந்தது.

லோரி பழையது. ஆனால் தினமும் துடைத்துத் துடைத்துப் புதுப்பெண் மாதிரி மினுமினுத்தது. புது வண்டி எடுத்தால் முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி நசுக்கித்தான் நம்மவர்கள் ரோட்டுக்குக் கொண்டுபோவார்கள். இங்கும் ஒவ்வொரு பயிற்சிக் குழு தொடங்கும்போதும் முடியும்போதும் பழம் வைக்கிறார்கள். லோரி நகர்வதில்லை என்பதால் பழம் நசுங்குவதில்லை. பழைய பழங்கள் காய்ந்து கறுத்துச் சக்கரத்தின் முன் குவிந்து கிடந்தன. குவியலின் மேல் புதிது வைப்பார்கள். இடது சக்கரத்துக்கு முன்னால் ஒரு பழத்தின் விதை முளைத்து முழங்கால் உயரக் கன்றாக நின்றது. அதைச் சுற்றிக் குட்டி வேலி. வேலியில் ஒரு தகடு: ‘கழகத்தின் பசுமைத் திட்டம்.’

தொடக்க விழாவில் எல்லாரும் மண்டபத்துக்குள்ளேயே தலைக்கவசம் அணிந்திருந்தோம். கழகத் தலைவர் குகனேஸ்வரன் தலைக்கவசத்தோடு குத்துவிளக்கு ஏற்றினார். பக்கத்தில் ஒருவர் தீயணைப்பானைப் பிடித்தபடி நின்றார். பிறகு தலைவர் பேசினார்.

“அன்பார்ந்த பயிலுநர்களே! இந்தக் கழகம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை ஒரு விபத்துகூட நடந்ததில்லை. ஒரு கீறல் இல்லை! மற்ற நிலையங்களில் என்ன செய்கிறார்கள்? முதல் வாரமே ஆளை வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். விபத்துகளுக்குக் காரணம் என்ன என்று நான் ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்தேன். ஒவ்வொரு விபத்திலும் ஏதோ ஒரு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஓடாத இரண்டு வண்டிகள் மோதியதாக ஒரு பதிவுகூட இல்லை. ஆக, மூலகாரணம் என்ன? ஓட்டம்!”

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்து நாற்காலியில் ஷாமல் உட்கார்ந்திருந்தான். ரிங்லெட்காரன். பள்ளி வேன் ஓட்டியவன்.

“மச்சான், இவரு வீட்டுல குழம்புகூட கொதிக்க விடமாட்டாரு போல,” என்றான்.

பயிற்சி தொடங்கியது.

காலையில் லோரியை மூன்று சுற்று வலம் வர வேண்டும். ஒவ்வொரு சக்கரத்தையும் விரல் நீட்டிக் காட்டி, “டயர் இருக்கிறது!” என்று உரக்கச் சொல்ல வேண்டும். இதற்குச் சுட்டிச் சொல்லல் என்று பெயர். சொல்லாத பயிலுநருக்கு டயர் இருந்தும் இல்லாததுதான். பயிற்றுநர் ஹரிதாஸ் விசிலோடு பின்னால் வருவார். விசில் ஊதாமல் அவர் தண்ணீர் குடித்துக்கூட நான் பார்த்ததில்லை.

அடுத்தது எஞ்சின் ஒலி கேட்டல். ஹரிதாஸ் சாவியைத் திருகி எஞ்சினை முடுக்குவார். நாங்கள் லோரியைச் சுற்றிப் பாய் விரித்து, கண்ணை மூடி உட்கார்ந்து கேட்போம். பிறகு அணைத்துவிடுவார்.

“என்னா தோணுச்சு?”

“அமைதி சார்,” என்றான் ஷாமல்.

முழு மதிப்பெண்.

நான் கையைத் தூக்கினேன். “சார், டாங்கி பாதி இருக்கறப்போ வளைவுல எப்படி பிரேக் புடிக்கணும்?”

பாயில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாவு வீட்டில் மணமகன் எங்கே என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல. ஹரிதாஸ் விசில் ஊதினார்.

“அது மேல்நிலைப் பாடம்.”

“மேல்நிலைப் பாடம் எப்ப சார்?”

“அதுக்கு இன்னும் ஆசிரியர் நியமிக்கல. நியமிச்சதும் சொல்லுவோம். அவசரப்படுறது விபத்தோட முதல் படி, மகேன்.”

அன்று முதல் எனக்கு ‘அவசரக்காரன்’ என்று பெயர். கழகத்துக்கு ‘பாதுகாப்புக் குடும்பம்’ என்று ஒரு வாட்சாப் குழு இருந்தது. தினமும் விடியும்போது தலைவர் ஒரு ரோஜாப் படம் அனுப்புவார். ‘மெதுவாக எழுந்திருங்கள்’ என்று அதில் எழுதியிருக்கும். எனக்கு மட்டும் தனியாக இன்னொன்று வரும்: ‘மகேன், இன்னும் மெதுவாக.’

இரண்டாம் வாரம் திரவ இயல் வகுப்பு. பிளாஸ்டிக் நாற்காலிகளை மண்டபத்தில் லோரி வடிவத்தில் அடுக்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பாகம். ஒருவர் கிளட்ச். ஒருவர் ஹோர்ன், வாயாலேயே அடிக்க வேண்டும். ஷாமல் பிரேக். நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் நடக்க வேண்டும். நான் நடுவில்.

“நீதான் டீசல்,” என்றார் ஹரிதாஸ். “டீசலுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. எந்தப் பக்கம் தள்ளுறாங்களோ அந்தப் பக்கம் போகணும். எதையும் யோசிக்கக்கூடாது. முடியுமா?”

முடிந்தது. சில வாரங்களாக வேறெதுவும் செய்யவில்லை.

நாற்காலி லோரி புறப்பட்டது. நான் பின்னால் சாய்ந்தேன். திரும்பியது; பக்கவாட்டில் போனேன். ஹரிதாஸ் விசில் ஊதி “பிரேக்!” என்று கத்தினார். ஷாமல் நின்றான். நாற்காலிகள் நின்றன. ஹோர்னும் நின்றது. நான் நிற்கவில்லை. நிற்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு மூச்சு கழித்துப் போய் ஷாமலின் முதுகில் முட்டினேன். அவன் நாற்காலியோடு குப்புற விழுந்தான்.

“ஆஹா! சிறந்த டீசல்!” என்று ஹரிதாஸ் கைதட்டினார்.

“யப்பா, முதுகு போச்சு லா,” என்று ஷாமல் எழுந்தான். “நான்தான் நின்னுட்டேனே மச்சான். நீ ஏன் நிக்கல?”

“நீ நின்னது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சிச்சு.”

கழகம் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் அது. அவர்களுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது.

சான்றிதழுக்கு மன அமைதி உறுதிமொழி என்று ஒன்று வேண்டும். ஓட்டுநர் சோகமாக இல்லை என்று கணவனோ மனைவியோ கையெழுத்திட வேண்டும். கழகச் செயலாளர் விக்னேஸ்வரி தாளை என் பக்கம் தள்ளினார்.

“இத வீட்டுல குடுத்து சைன் வாங்கிட்டு வந்துருங்க.”

“வீட்டுல இல்லைங்க.”

“எப்ப வருவாங்க?”

“இறந்துட்டாங்க.”

“ஐயோ, பாவமே.” உண்மையிலேயே வருந்தினார். கண்கூடக் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கணினியைப் பார்த்தார். “ஆனா கல்யாணமானவர்னு அடிச்சாச்சே. சைன் இல்லாம சிஸ்டம் அடுத்த பக்கம் போகாது.”

“மனைவி இறந்தவர்னு மாத்த முடியாதா?”

“மாத்தலாம். ஆனா அப்படிப் போட்டா நீங்க சோகமா இருக்கீங்கன்னு சிஸ்டமே முடிவு பண்ணிரும். அப்புறம் சான்றிதழ் கெடைக்காது லா.” என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். “சோகமா இருக்கீங்களா?”

“தெரியலைங்க.”

“சாப்புடுறீங்களா?”

“சாப்புடுறேன்.”

“அழுதீங்களா?”

“இல்ல.”

“அப்ப சோகம் இல்ல,” என்று முடிவு செய்தார். சுட்டியை உருட்டிக்கொண்டே போனார். “இருங்க. இங்க ஒண்ணு இருக்கு. ‘துணைவர் வெளியூரில்.’ இதப் போட்டா சைன் பிறகு குடுத்தா போதும்.”

“எவ்வளவு பிறகு?”

“திரும்பி வந்ததும்.”

துளசி வெளியூரில் இருப்பதாகப் பதிவானது. அவளைப் பற்றி அந்த மாதம் எனக்குச் சொல்லப்பட்டவற்றில் அது ஒன்றுதான் தாங்கக்கூடியதாக இருந்தது.

மாதம் முடிந்துகொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் ஒரு குடும்பம் வந்து என் வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. சாமி படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது, அலமாரி கதவுக்குப் பின்னால் நிற்குமா என்று பேசிக்கொண்டார்கள். நான் உள்ளேதான் இருந்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்து, “கோவிச்சுக்காதீங்க தம்பி, சும்மா அளவு பாக்க வந்தோம்,” என்றார். கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியையும் பார்த்தார். “அது வேணாம், புடுங்கிக்கலாம்,” என்று கணவரிடம் சொன்னார்.

சான்றளிப்பு விழா மாதக் கடைசிக்கு முந்தின நாள். வளாகத்தின் கீழ்ப்பக்கம், வெளிவாசலுக்குப் பக்கத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். முதல் நாள் மழையில் செம்மண் நெய் தடவியதுபோல் இருந்தது. சிறப்பு விருந்தினர், அரசுப் பட்டம் பெற்ற ஒரு டத்தோ. தொழிலதிபர் என்று அழைப்பிதழில் இருந்தது. என்ன தொழில் என்று இல்லை. அவருக்குப் பொன்னாடை போர்த்தி, மாலை போட்டு, அதன் மேல் பாதுகாப்புச் சட்டையும் மாட்டிவிட்டார்கள். மூச்சுவிடச் சிரமப்பட்டார்.

சான்றிதழ்கள் மேசைமேல் சுருட்டி, ரிப்பன் கட்டிக் கிடந்தன. என்னுடையது எது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

டத்தோ தன் கையால் முன்சக்கரங்களுக்கு அடியில் இரண்டு எலுமிச்சம்பழம் வைத்தார். கற்பூரம் காட்டினார். எல்லாரும் கைதட்டினோம். ஹரிதாஸ் ஒலிவாங்கியில் அடுத்த அங்கத்தை அறிவித்தார். டத்தோ நகரவில்லை. கைகூப்பியபடி லோரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னா, எடுக்கலையா?”

“எத டத்தோ?” என்றார் தலைவர்.

“லோரிய லா. பழம் நசுங்கணுமே.”

“டத்தோ, நம்ம கழகத்துல பழம் வைக்கிறதோட சடங்கு பூர்த்தி. இது நவீன முறை.”

“என்னாய்யா நவீனம்? எங்கப்பா மோட்டார் வாங்குன காலத்துல இருந்து பாக்குறேன். பழத்த வச்சிட்டு நசுக்காம விட்டா, திருஷ்டி பூரா வச்சவன் தலையிலதான் ஏறும். வச்சது யாரு? நானு!” குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்த்தார். கறுத்த குவியல் கண்ணில் பட்டது. “இதெல்லாம் யாரு வச்சது?”

“முன்னாடி வந்த சிறப்பு விருந்தினர்கள், டத்தோ.”

“அவங்க நல்லா இருக்காங்களா?”

ஹரிதாஸ் உண்மை பேசும் பழக்கமுள்ளவர். “ஒருத்தரு தேர்தல்ல தோத்துட்டாரு டத்தோ. ஒருத்தருக்கு முழங்கால் ஆபரேஷன். இன்னொருத்தரு பொண்டாட்டி வீட்ட விட்டுப் போயிட்டாங்க.”

டத்தோ பொன்னாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “இந்தப் பழம் நசுங்காம நான் ஒரு சான்றிதழத் தொடமாட்டேன். எனக்கு வீடு இருக்கு, பொண்டாட்டி இருக்காங்க.”

கழகம் அவசரமாகக் கூடியது. சுத்தியலால் நசுக்கலாம் என்றார் விக்னேஸ்வரி. “வண்டி ஏறி நசுக்குனாத்தான் சடங்கு. நீங்க நசுக்குனா அது ஊறுகாய்,” என்றார் டத்தோ. நாற்காலி லோரியைக் கொண்டுவந்து நசுக்கலாம் என்றார் ஹரிதாஸ். இதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. நாற்காலிகளை எடுத்துவர ஆள்கூட அனுப்பிவிட்டார்.

“யாராவது ஏறி ஒரு அடி எடுங்கய்யா!” என்று டத்தோ கத்தினார். “பயிற்சி நிலையம்தானே இது?”

“நான் கோட்பாடு டத்தோ,” என்றார் ஹரிதாஸ். “செய்முறை என் துறை இல்ல.”

“நீங்க?”

தலைவர் தொண்டையைச் செருமினார். “நானே ஓட்டுனா, கழகத் தலைவரே ஓட்டத்த ஆதரிக்கிறாருன்னு ஆயிரும். இது கொள்கைப் பிரச்சினை.”

ரிப்பன் கட்டிய சான்றிதழ்களைப் பார்த்தேன். நாளைக்கு மறுநாள் அந்த அம்மா ஆணியைப் பிடுங்குவார்.

“நான் எடுக்கிறேன்,” என்றேன்.

ஹரிதாஸ் திகைத்தார். “நீ டீசல்தானே?”

“லோரி லைசென்ஸ் இருக்கு சார்.”

தலைவர் நிபந்தனை போட்டார். ஒரே அடி. பழம் நசுங்கியதும் நிற்க வேண்டும். பக்கத்தில் ஷாமல் உட்கார்ந்து சுட்டிச் சொல்ல வேண்டும். அவன் எதையும் தொடக்கூடாது.

ஏறினோம். எஞ்சினை முடுக்கினேன். காற்று பிரேக் வண்டி. காற்று போதிய அளவு ஏறும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தையும் வீணாக்காமல் தலைவர் பேசினார். “வரலாற்றிலே முதன்முறையாக, நன்கு ஆராய்ந்து, ஒரு கட்டுப்பாடான அசைவை நாம்...”

டாங்கியில் பாதித் தண்ணீர் இருந்தது. காற்றில் லோரி ஆடக்கூடாது என்று எப்போதோ நிரப்பியதாம்.

முதல் கியர். சக்கரங்கள் தரையோடு ஒட்டிப்போயிருந்தன. எலும்பு முறிவதுபோல் ஒரு சத்தம். லோரி அசைந்தது.

“பழம்!” என்றான் ஷாமல், விரலை நீட்டி. “பழம்! காஞ்ச பழம்! கன்னு! ஐயோ, கன்னு!”

பட், பட்டென்று வெடித்தன. பழையவை கச்சான் கடலைபோல் நொறுங்கின. வளாகம் முழுக்க எலுமிச்சை வாசம். டத்தோ கைதட்டினார். ஹரிதாஸ் விசில் ஊதினார். பிரேக்கை மிதித்தேன். லோரி நின்றது.

ஒரு மூச்சு கழித்துத் தண்ணீர் வந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ தோளால் இடித்ததுபோல. ஈரச் செம்மண்ணில் பூட்டிய சக்கரங்கள் அப்படியே வழுக்கின, பந்தலைப் பார்த்து.

“பந்தல்! நாற்காலி! டத்தோ! மச்சான், டத்தோ!”

முட்டைக்கோஸ் ஓட்டிய கால் இன்னும் ஓங்கி மிதிக்கச் சொன்னது. ஆனால் நான் டீசலாக இருந்தவன். நிறுத்தியதும் அதனால் நிற்க முடியாது. அதற்கு இடம் வேண்டும். பிரேக்கிலிருந்து காலைத் தளர்த்தினேன். சக்கரங்கள் உருண்டதும் ஸ்டீயரிங் சொன்னபடி கேட்டது. வெளிவாசல் பக்கம் திருப்பினேன். டத்தோவின் மாலை மட்டும் பக்கக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு வந்தது.

“கேட்டு!” என்றான் ஷாமல். “ரோடு! யப்பா, ரோடு லா!”

மேலே ஏறும் பக்கம் திருப்பினேன். ஏற்றத்தில் தண்ணீர் பின்னால் போய்ச் சாதுவாக உட்கார்ந்துகொண்டது.

“ஒரு அடின்னு சொன்னாங்க மச்சான்.”

“திருப்ப இடம் இல்ல.”

அது உண்மை. அந்தச் சாலையில் டாங்கி லோரி திருப்ப வேண்டுமென்றால் எங்கள் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். போனோம். ஷாமல் கடமை தவறாமல் சொல்லிக்கொண்டே வந்தான். “வளைவு! ஸ்ட்ராபெரி கடை! சுற்றுப்பயணி! இன்னொருத்தன், போட்டோ எடுக்குறான், சிரி மச்சான்!” வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தேன். வளைவுக்குள் பிரேக்கைத் தொடவில்லை. தண்ணீர் வெளிப்பக்கம் ஏறியது. காத்திருந்தேன். இறங்கியது. பிறகு மிதித்தேன். மேல்நிலைப் பாடம் ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திராமல் முடிந்தது.

தோட்ட ஆப்பீஸ் முன்னால் நிறுத்தும்போது நிறைய இடம் விட்டு நிறுத்தினேன். ஒரு மூச்சு. வந்து முட்டியது. லோரி ஒரு தரம் தலையாட்டிவிட்டு அடங்கியது.

துரை படியில் நின்றிருந்தார். காணொளி எனக்கு முன்பே அவர் கைப்பேசிக்கு வந்து சேர்ந்திருந்தது. பின்னாலேயே கழகத் தலைவர் அதில் கூப்பிட்டார். துரை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

“அறிக்கை வாசிக்கிறேன்,” என்றது தலைவரின் குரல். “கழக வரலாற்றில் முதல் விபத்து. உயிர்ச்சேதம் ஒன்று: எலுமிச்சைக் கன்று. பாதுகாப்பான ஓட்டுநர் என்பவர் எங்கள் லோரியை நகர்த்தாதவர். மகேன் நகர்த்திவிட்டார். ஆகவே அவரது சான்றிதழ் ரத்து. அதே வண்டியில் இருந்த ஷாமல், உயிருக்கே ஆபத்தான நேரத்திலும் எதையும் செய்யவில்லை. செயலற்ற நிலையைக் கடைசிவரை காத்தார். அவருக்குச் சிறப்புத் தேர்ச்சி.”

“டத்தோ என்னா சொன்னாரு?” என்று ஷாமல் கேட்டான்.

“அவர் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்,” என்றது குரல், கொஞ்சம் வருத்தமாக.

துரை கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார். என்னைப் பார்த்தார். லோரியைப் பார்த்தார்.

“உனக்கு ஓட்டத் தெரியும். நானே கண்ணால பாத்துட்டேன். ஆனா நான் பாத்தத ஹெட் ஆப்பீஸுக்கு அனுப்ப முடியாது மகேன். சான்றிதழத்தான் அனுப்ப முடியும்.”

“அப்ப வீடு?”

அவர் ஷாமல் பக்கம் திரும்பினார். “உனக்குச் சான்றிதழ் இருக்குல்ல?”

“இருக்கு துரை. ஆனா டாங்கி ஓட்டத் தெரியாது.”

“அத யாரு கேட்டா? நீ டிரைவர். மகேன், நீ கெலிண்டான்.”

லோரியில் டிரைவருக்கு எடுபிடியாக வருகிறவனைத்தான் கெலிண்டான் என்போம். குழாய் பிடிப்பான், சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுப்பான்.

“ஷாமல் பக்கத்துல உக்காந்து சான்றிதழப் புடிச்சிக்கிட்டு வருவான். நீ உதவிக்கு ஸ்டீயரிங்கப் புடிச்சிக்க,” என்றார் துரை. தன் நிர்வாகத் திறமையில் அவருக்கே மனம் நிறைந்துவிட்டது. “கெலிண்டானும் தோட்டத்து ஆள்தானே. வீட்டுல இரு.”

அப்படியே நடக்கிறது. நான் ஓட்டுகிறேன். ஷாமல் கண்ணாடி போட்ட சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு சுட்டிச் சொல்கிறான். கழகத்து லோரி இன்னும் எங்கள் ஆப்பீஸ் முன்னால்தான் நிற்கிறது. திரும்ப ஓட்டிக்கொண்டு போக அவர்களிடம் ஆளில்லை. நான் கொண்டுபோனால் மறுபடியும் நகர்த்திய குற்றம். கழகம் இப்போது லோரி இல்லாமலே நடக்கிறது. பாதுகாப்பு இன்னும் கூடியிருக்கிறது என்று தலைவர் ரோஜாப் படத்தோடு தெரிவித்திருந்தார்.

மன அமைதி உறுதிமொழியை மாதாமாதம் புதுப்பிக்க வேண்டும். ஷாமலின் மனைவி நளினி கையெழுத்திட மறுக்கிறாள். “சாப்புட்ட மங்கு கழுவச் சொன்னாலே மூஞ்சத் தூக்கி வச்சிக்கிறாரு. நான் எப்படிப் பொய் சைன் வைக்கிறது?” என்கிறாள். ஒவ்வொரு மாதமும் அவன் கெஞ்சி வாங்குகிறான். எனக்கு அந்தத் தாள் வருவதில்லை. விக்னேஸ்வரியிடம் கேட்டேன். தேடிப் பார்த்துவிட்டு, கெலிண்டான் சோகமாக இருக்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை என்றார்.

போன வாரம் கீழ்ப் பிரிவில் பாதி டீசலை இறக்கிவிட்டு மேலே வந்துகொண்டிருந்தோம். நல்ல மழை. ஆலை வாசலில் பெண்கள் வேலை முடிந்து வெளியே வந்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரி மழைச்சட்டை, தோட்டத்தில் கொடுப்பது. ஆணியில் தொங்குவதும் அதே நிறம்தான்.

“ஆலை!” என்றான் ஷாமல். “ஆளுங்க! மழை!”

ஓரமாக நிறுத்தினேன். லோரி நின்றது. ஒரு மூச்சு கழித்து, உள்ளே இருந்தது வந்து முட்டியது.

முட்டிக்கொண்டே இருந்தது. நான் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். ஷாமல் ஜன்னல் பக்கம் திரும்பினான். விரல் நீட்டவில்லை. எதையும் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்துச் சான்றிதழைத் திருப்பி, கண்ணாடி கீழே பார்க்கும்படி மடியில் கவிழ்த்து வைத்தான்.

“நீ கெலிண்டான்தானே மச்சான்,” என்றான். “விதியில தடை இல்ல லா.”